நீ ஷூவைக் கழற்றிய இடம்

போனை நீ எடுக்கப்போவதில்லை என்பது உறுதியான பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன், மகனே. காலையில் அடித்தேன், பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது. கோபத்தில் எடுக்கவில்லையா, வெட்கத்திலா, அல்லது பக்கத்தில் உட்கார்ந்து யாராவது தடுக்கிறார்களா? "வேலை நெருக்கடியில இருப்பான், விடு" என்கிறார் உன் அப்பா. ஸ்டேஷனிலிருந்து ஆயுதப்படைக்கு மாற்றி, வேலை எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்திருக்கும் போலீஸ்காரனுக்கு என்ன நெருக்கடி? திங்கட்கிழமை உனக்கு விசாரணை. அங்கே நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நினைத்தால் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, கழுவினோமா என்று மறுபடியும் எடுத்துக் கழுவுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி ஊரே சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, பெற்றவள் மட்டும் எதற்குக் காதோடு பேச வேண்டும்? எல்லோரும் படிக்கட்டும். படிப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்த விஷயங்களையும் நான் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

தேடப்படுகிற அந்த ஆளிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மச்சினன் பெயரில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்தார். காக்கிச்சட்டையை மாட்டி வைத்தாரே தவிர கழற்றவில்லை. நம் எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி அங்கேதான் வேலைக்குப் போனாள். அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீசன் நேரத்தில் அறைக்குள் பிதுங்கி, மீதிப்பேர் மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். சோதனைக்கு ஜீப் கிளம்புவதற்கு முன்பே கம்பெனிக்குப் போன் வந்துவிடும். உடனே மரத்தடியில் இருப்பவர்களை எழுப்பி ஓடைப்பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஜீப் திரும்பியதும் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாண்டிச்செல்வி இதை ஒரு சினிமாக் காட்சி மாதிரி நடித்துக் காட்டுவாள். "இன்னைக்கும் போன் வந்துச்சு மதினி. அம்புட்டுப் பேரும் ஓடைக்குள்ள உக்காந்து ஊர்க்கதை பேசுனோம். கூலியும் உண்டு, கதையும் உண்டு. இப்பிடி வேலை எந்தக் கம்பெனில கெடைக்கும், சொல்லுங்க?" நானும் சிரித்தேன். அந்தப் போனை யார் செய்தார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் மதியம் அந்தச் சத்தம் வந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எது சோதனை வெடி, எது வானவேடிக்கை, எது உயிர் போகிற வெடி என்று சத்தத்திலேயே தெரியும். பிரஸ்ஸில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். வெடித்தது அந்த ஆளின் கம்பெனி. செத்துப்போன பெண்களில் பாண்டிச்செல்வியை அவள் சாப்பாட்டு டப்பாவை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அவள் கல்யாணத்துக்கு வந்த டப்பா. மூடியில் அவள் பெயர் வெட்டியிருந்தது. மூடி நெளிந்திருந்தது, பெயர் அப்படியே இருந்தது. நீ அன்று வேறு ஊரில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தாய். போனில் சொன்னபோது நீ அழுதாய். சின்ன வயதில் அவள் கையால் சோறு தின்றவன் நீ. அந்த அழுகையை நான் நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன். அதை நம்புவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆள் தலைமறைவானதும் ஊரில் தொடங்கிய பேச்சு இன்னும் அடங்கவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில், எங்கும் அதே. "போலீஸ்காரனப் போலீஸ்காரன் பிடிப்பானாக்கும்? இவுக தேடுறதும் அவரு ஒளியுறதும் ரெண்டும் ஒரே ஆபீஸ் வேலைதான்" என்கிறான் ஒருவன். "அவரு டூட்டில இருக்கும்போது ஊருக்குள்ள ஒரு சங்கிலி அறுப்பு நடந்துச்சா? நல்ல மனுசன மாட்டிவிட்டுட்டாக" என்கிறான் இன்னொருவன். அவர் எந்தச் சாதி, அதனால்தான் தேடுகிறார்கள், அதனால்தான் தேடாமல் இருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். இவர்களோடெல்லாம் நான் சண்டை போடுவேன். சண்டை போட முடியாமல் போனது ஒரே ஒருத்தியிடம்தான். பாண்டிச்செல்வியோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவள். அன்றைக்குக் காய்ச்சல் என்று போகாமல் பிழைத்தவள். குழாயடியில் சொன்னாள்: "சுத்துப்பட்டு கம்பெனி பூராத்துக்கும் சீல் வச்சிட்டாக. அவரப் பிடிச்சு உள்ள போட்டா எங்களுக்கு யாருக்கா கூலி குடுப்பா? ஒங்க மகன் குடுப்பானா?"  குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒருவரைப் பிடித்தால் தங்கள் வயிறு காயும் என்று, அவர் கையால் சாக இருந்தவர்களே பயப்படுகிற மாதிரி ஒரு தொழிலை நடத்திக்கொண்டு, ஊருக்குக் குட்டி ஜப்பான் என்று பெருமை வேறு.

சிவகாசியில் எல்லாம் அச்சாகும். கல்யாணப் பத்திரிகையும் அச்சாகும், கண்ணீர் அஞ்சலியும் அச்சாகும், தேடப்படும் நபர் நோட்டீசும் அச்சாகும். அந்த ஆளின் நோட்டீஸ் எங்கள் பிரஸ்ஸுக்குத்தான் வந்தது. புரூஃப் பார்க்க என் மேஜைக்கு வந்தபோது பார்த்தால், போட்டோவில் ஆள் யூனிஃபார்மில் இருக்கிறார். தொப்பி, நெஞ்சில் பதக்கம், லேசான சிரிப்பு. கம்ப்யூட்டரில் டைப் செய்யும் கலா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் போட்டோவப் பாத்தா பிடிச்சுக் குடுக்கத் தோணலக்கா, சல்யூட் அடிக்கத்தான் தோணுது" என்றாள். நான் நோட்டீசில் இருந்த நம்பருக்கே போன் செய்து, சாதாரணச் சட்டையில் ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டேன். "இருக்கிறதப் போடுங்கம்மா. இதுக்கென்ன, மாப்பிள்ளை பாக்குறாகளா?" என்று வைத்துவிட்டார்கள். நெற்றியில் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வேட்டியில் நடந்து போனால் அந்தப் படத்தை வைத்து அவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.  ஆனாலும் புரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இல்லை. என் வேலை அவ்வளவுதானே.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நம் தெருக்கடைசியில் தங்கப்பாண்டி வீடு. அந்த ஆளின் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். அதனால் அங்கே தேட வருவார்கள் என்று தெருவுக்கே தெரியும். ஜீப் தெருமுனையில் வந்து நின்றது. முன்சீட்டில் இருந்தவர் இறங்கவில்லை. நீதான் இறங்கினாய், உன்னோடு இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். உள்ளூர்க்காரன் என்பதால் நீ முன்னால் வந்தாய், அவர்கள் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் நம் வாசலில் நின்றிருந்தேன். உன்னை யூனிஃபார்மில் தெருவில் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. நடை மாறிவிடுகிறது உனக்கு. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்ததும் உன் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாய். நீ பேசியதில் எனக்குக் கேட்டது ஒரே வார்த்தை: "சரிங்கய்யா." பிறகு தொட்டித் திண்டில் காலைத் தூக்கி வைத்து, நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்து வளைவில் திரும்பினாய்.

வளைவுக்கு அப்பால் நடந்ததை அங்கே நின்றவர்கள் வந்து சொன்னார்கள். தங்கப்பாண்டி வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை சொருகியிருந்தது. அம்மை போட்ட வீடு. நீ வாசலுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்னால் வந்தவர்களைப் பார்த்து "அம்மா வந்திருக்கா, உள்ள போகக் கூடாதுண்ணே" என்றாய். அவர்களும் கும்பிட்டுத் திரும்பினார்கள். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் போவதில்லை. அதிலும் வெயிலில் அலைந்து வந்த காலோடு போவதில்லை. அதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. காக்கி போட்டாலும் பிள்ளை முறை தவறவில்லை என்று நினைத்தேன். திரும்பி வந்து ஷூவை மாட்டிக்கொண்டாய். என்னைத் தாண்டித்தான் போனாய். நிமிர்ந்து பார்க்கவில்லை. டூட்டியில் இருப்பவன் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது போல என்று அதையும் நானே உனக்காகச் சமாதானம் செய்துகொண்டேன்.

உனக்கு அம்மை வந்தது நினைவிருக்கிறதா? இரண்டாம் வகுப்புப் படித்தாய். உடம்பெல்லாம் முத்து. வேப்பிலையை விரித்து அதன் மேல் படுக்க வைத்தேன். உன் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டுத் திரும்பியவர், வீட்டுக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்று உன்னோடு பேசிவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொண்டார். பாண்டிச்செல்வி தினமும் கூழைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "மருமகனே, அம்மா எறங்குனதும் இருக்கன்குடிக்குப் போவமா?" என்று வெளியிலிருந்தே கத்துவாள். உனக்கு நாக்கு செத்துப்போய், அப்பளம் வேண்டும் என்று அழுதாய். "ஒரே ஒரு அப்பளம்மா" என்று நீ கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. நான் பொரிக்கவில்லை. அம்மை போட்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றக் கூடாது. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கவுச்சி கூடாது. நம் பக்கம் எப்பேர்ப்பட்டவனும் இதை மீறமாட்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகுதான் அந்த வீட்டில் கடுகு வெடிக்கும். அதுவரை உனக்குச் சப்பென்ற கஞ்சிதான். நீ என்மேல் கோபத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

நீங்கள் வந்து போன மறுநாள், தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தங்கப்பாண்டி வீட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது. கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்த வாசனை. அதற்குப் பின்னாலேயே கறி மசாலா. வெள்ளாட்டுக்கறி. எனக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. வளைவு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தேன். வேப்பிலை அப்படியே சொருகியிருக்கிறது, வாடக்கூட இல்லை. யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே சட்டி சத்தம். தங்கப்பாண்டி பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, என்ன பாக்குறீக?" என்றாள். "ஒண்ணுமில்ல, யாருக்கு அம்மை?" என்றேன். "அவுகளுக்குத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவுகளுக்கு என்று அவள் சொன்ன தங்கப்பாண்டி, அன்று காலையில்தான் பால் வாங்கிக்கொண்டு என் எதிரில் சைக்கிளில் போனான்.

வாசனையை வைத்துக்கொண்டு நான் உடனே ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் முழுக்க அதை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தேன். நீ திரும்பிப் போன வீட்டில் அவர் இருந்தார் என்றால் உன் வேலைக்கு ஏதாவது வருமோ என்ற பயம். மறுநாள்தான் உன்னைக் கூப்பிட்டேன். "ஏலே, தங்கப்பாண்டி வீட்டுல அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாளிப்பு வாசம் வருது. உள்ள ஆளு இருக்கு" என்றேன். நீ என்ன சொன்னாய்? "நீ பேசாம இரும்மா." அவ்வளவுதான். "என்னது?" என்று கேட்கவில்லை. "நெசமாவா?" என்று கேட்கவில்லை. ஓட்டலில் சாம்பார் புளித்திருந்தாலே "எப்பிடி, எப்பம், யாரு சொன்னா?" என்று குடைகிறவன் நீ. உன் குரலில் அதிர்ச்சியே இல்லை. போனை வைத்த பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது.

தொட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் தங்கப்பாண்டி வீட்டு வாசல் தெரியாது. தீப்பெட்டிக் குடோனின் நீளச் சுவர் மறைக்கும். வளைவு திரும்பினால்தான் நிலை தெரியும், நிலை தெரிந்தால்தான் வேப்பிலை தெரியும். வேப்பிலையைப் பார்த்துவிட்டுத்தான் நாம் செருப்பைக் கழற்றுவோம். நீ பார்ப்பதற்கு முன்பே கழற்றிவிட்டாய். நான் மறுபடியும் மறுபடியும் தொட்டியிடம் போய் நின்று பார்த்தேன். குனிந்து பார்த்தேன், திண்டில் ஏறி நின்று பார்த்தேன். உன் உயரத்துக்கு எக்கிப் பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் "என்ன மதினி, தொட்டிய வெலைக்கு வாங்கப்போறீகளா?" என்று கேட்டார்கள். எங்கிருந்து பார்த்தாலும் சுவர்தான் தெரிகிறது. அப்படியானால் அங்கே வேப்பிலை இருக்கிறது என்று உனக்குச் சொன்னது அந்தப் போன். "அம்மை போட்டிருக்கு, உள்ள போகாத, மரியாதையாத் திரும்பி வந்திரு" என்று யாரோ சொன்னார்கள். நீ "சரிங்கய்யா" என்றாய். ஓடைக்குள் உட்கார்ந்து பாண்டிச்செல்வி கதை பேசிய நாளில் கம்பெனிக்கு வந்ததே ஒரு போன், அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். வெளி மாவட்டத்திலிருந்து வந்த தனிப்படை, வேப்பிலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. உள்ளே ஷேவிங் செட் இருந்தது, பிரஷர் மாத்திரை இருந்தது, எலும்பு கிடந்த தட்டு இருந்தது. ஆள் இல்லை. அப்புறம் யாரோ மாடியிலிருந்து எடுத்த வீடியோ வெளியே வந்தது. வெறுங்காலோடு நீ வாசலில் நின்று கும்பிடுவதில் தொடங்கி, திரும்பி நடப்பதில் முடிகிறது. நீ ஷூவைக் கழற்றியது அதில் இல்லை. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு நாடே வாதாடியது. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். வேப்பிலைக்குப் பயந்த போலீஸ் என்று ஒருவர் சிரிக்கிறார். எங்கள் நம்பிக்கையைக் கேலி செய்யாதே என்று இன்னொருவர் மேஜையைத் தட்டுகிறார். செத்துப்போன பெண்களின் பெயரை அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஓடிப்போனவர் பெயரே இரண்டு தடவைதான் வந்தது. கடைசியில் அது மாரியம்மனுக்கும் பகுத்தறிவுக்கும் நடக்கிற சண்டையாகிவிட்டது. அந்தச் சண்டை நடக்கிற வரைக்கும் போனில் பேசியவருக்கு நிம்மதியான தூக்கம்.

எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரே நாளில் இரண்டு ஆர்டர் வந்தது. ஒன்று, உன்னை வேலையை விட்டு நீக்கச் சொல்லும் துண்டறிக்கை. மற்றொன்று, உன் படத்தைப் போட்டு, அம்மனுக்கு மரியாதை செய்த வீரக் காவலருக்கு வாழ்த்துச் சொல்லும் சுவரொட்டி. இரண்டும் புரூஃபுக்கு என் மேஜைக்கே வந்தன. கலா இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நான் வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா?" என்றாள். "குடு" என்றேன். இரண்டையும் பார்த்தேன். வாழ்த்துச் சுவரொட்டியில் உன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. திருத்தினேன். துண்டறிக்கையில் சரியாகவே இருந்தது. முதலாளி வந்து, "சங்கடமா இருந்தா லீவு போட்டுக்கம்மா" என்றார். "ரெண்டு ஆர்டருக்கும் அட்வான்ஸ் வாங்கியாச்சுல்ல அண்ணாச்சி, பெறகென்ன சங்கடம்?" என்றேன்.  அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஏட்டையா வீட்டுக்கு வந்தார். கையில் சாத்தூர் சேவுப் பொட்டலம். உன் அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தான் உட்காரவே இல்லை. "ஒண்ணும் பயப்படாதீக மதினி. தம்பி நல்ல பையன்னு மேல எல்லாருக்கும் தெரியும். வேப்பிலையப் பாத்தேன், பக்தில திரும்பிட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும். எழுதிக்கூட வச்சாச்சு, கையெழுத்துதான் பாக்கி. சின்னதா ஒரு தண்டனை, கொஞ்ச நாள்ல பழையபடி ஸ்டேஷன். சாமி விசயம்னா யாரும் கடுமையாப் போகமாட்டாக பாத்துக்கோங்க" என்றார். நான் டீயைக் கொடுத்துவிட்டு, "ஏட்டையா, அன்னைக்குத் தொட்டிப் பக்கத்துல வச்சு அவனுக்குப் போன் பண்ணுனது யாரு?" என்று கேட்டேன். டீ அவர் வாய்க்குப் போகவில்லை. கிளாசைக் கீழே வைத்தார். உன் அப்பாவைப் பார்த்தார். "எந்தப் போனு?" என்றார். "ஷூவக் கழட்டுறதுக்கு முந்தி வந்த போனு" என்றேன். "வீடியோவுல அப்பிடி ஒண்ணும் இல்லையே மதினி" என்றார். "வீடியோ வளைவுக்கு அங்கிட்டு எடுத்தது. நான் வளைவுக்கு இங்கிட்டு நின்னேன்" என்றேன். எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒங்க பிள்ளை வாழ்க்கையப் பாருங்க" என்றார். டீயைக் குடிக்கவில்லை. சேவு இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. உன் அப்பா கொறிக்கப் போனார், பிடுங்கி வைத்திருக்கிறேன்.

அவர் போன பிறகு உன் அப்பாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. "இந்தா பாரு, வேலை போயிரும். பெறகு அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? பெரிய எடத்து விசயத்துல நீ ஏன் தலையக் குடுக்க?" என்றார். "அவன் தலையத்தான் குடுக்கச் சொல்லுதாக, அது ஒங்களுக்குத் தெரியலையா?" என்றேன். "அவன் தாயி நீயி. நீயே போயி அவனுக்கு எதிரா நிப்பியா?" அந்தக் கேள்வியைப் பிறகு நிறைய யோசித்தேன். உன்னைப் போலீஸ் வேலைக்கு ஓட ஓட விரட்டியவள் நான்தான். இந்த ஊரில் கம்பெனி வாசலில் நிற்கிறவனை யார் வேண்டுமானாலும் "ஏலே" என்று விரட்டலாம். காக்கி போட்டவனை யாரும் விரட்ட முடியாது என்று நினைத்தேன். காக்கி போட்டவனையும் ஒரு போனில் திருப்பி அனுப்பலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. உனக்கு எதிராக நிற்கிறேனா? நீ போடும் கையெழுத்துக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்துகொள்ளப் போகிறார். தங்கப்பாண்டி வீட்டு வேப்பிலைக்குப் பின்னால் அந்த ஆள் ஒளிந்த மாதிரியேதான். உன்னை எடுத்து நிலையில் சொருகப் பார்க்கிறார்கள். அதைப் பிடுங்கத்தான் நான் வருகிறேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று தெரிந்து திரும்பினாயா, தெரியாமல் திரும்பினாயா? மேலதிகாரி சொன்னதை உண்மையென்று நம்பி, அம்மை வீடுதானே என்று ஷூவைக் கழற்றியிருக்கலாம். அப்படியானால் நீயும் ஏமாந்தவன். நான் தாளிப்பு வாசனையைச் சொன்ன அன்றுதான் உனக்கே விளங்கி, பயத்தில் "பேசாம இரும்மா" என்று சொல்லியிருக்கலாம். இல்லை, முதலிலேயே தெரிந்திருந்தது என்றால், பாண்டிச்செல்வி கொடுத்த கூழைக் குடித்த வாயால் அந்தச் "சரிங்கய்யா"வைச் சொன்னாய். இரண்டில் எது என்று என்னிடம் சொல். எதுவாக இருந்தாலும் நீ என் பிள்ளைதான். கதவைச் சாத்த மாட்டேன். ஆனால் எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை அந்தப் போனைச் சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும். உன் அப்பாவின் வண்டிக்கு ஓர் ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. பொண்ணு கொடுக்காதவன் கொடுக்காமல் போகட்டும். வேப்பிலையைக் காட்டித் தப்பிப்பதை மட்டும் செய்யாதே. பாண்டிச்செல்வி வருஷம் தவறாமல் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனவள். அந்தச் சாமியையே அவளைக் கொன்றவனுக்குக் காவல் நிற்க வைத்துவிட்டு, அதற்குப் பக்தி என்று நீ கையெழுத்துப் போட்டால், அவள் மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? எதிர்வீடு, மகனே. தினமும் முழிக்க வேண்டும்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை நானும் விசாரணைக்கு வருகிறேன். கூப்பிடவில்லை என்றால் வாசலில் நிற்பேன். தொட்டிப் பக்கம் போன் வந்ததையும், நீ "சரிங்கய்யா" என்றதையும், வளைவு திரும்புவதற்கு முன்பே ஷூவைக் கழற்றியதையும் சொல்வேன். பேசியது யார் என்று எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும். உன் போனிலும் இருக்கும், கேட்டால் போன் கம்பெனிக்காரன் எடுத்துக் கொடுப்பான். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் தெருவுக்கு வந்து தொட்டிப் பக்கம் நின்று பார்க்கட்டும். சுவர் அங்கேதான் இருக்கிறது. பிறகு யாரும் என்னை வீட்டுக்குள் வைத்து வாயை அடைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் சொல்ல வேண்டியதைப் பாதி சொல்லி முடித்திருப்பேன். மீதிப் பாதி உன்னுடையது. அதை என் வாயால் சொல்ல முடியாது.

தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. உன் அப்பா வருவதாகச் சொல்லவில்லை; வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை; இன்று சாயங்காலம் தன் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ வருவதாக இருந்தால் முதலில் வீட்டுக்கு வா. திங்கட்கிழமை காலையில் சட்டி வைத்துக் கடுகு போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு நன்றாகத் தாளித்து வைத்திருப்பேன். அப்பளமும் பொரிக்கிறேன். சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்து போவோம். தெருவே பார்க்கும், பார்க்கட்டும். தொட்டியைத் தாண்டும்போது நிற்காதே, குனியாதே. நம் வீட்டு நிலையில் எதுவும் சொருகவில்லை. ஷூவோடேயே உள்ளே வா.